பரீட்சைக்கு முன் ஒரு திட்டம்

(எமது சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



சென்ற கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது தம்பிமார் சிலர் எம்மைச் சூழ்ந்துகொண்டனர். "அண்ணை, ஜீமற் பரீட்சைக்கு எப்படிப் படிக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். அருகில் நின்ற இன்னொருவர், "நான் மூன்று மாதமாகப் படிக்கிறேன். மாதிரிப் பரீட்சையிலே புள்ளி ஏறவே மாட்டேனென்கிறது" என்று மனம் நொந்து சொன்னார். வாசலில் நின்றபடி விடை சொல்லக்கூடிய கேள்வியன்று அது. ஆகவே, செயலாளர் இன்றைய பேச்சுக்குப் பொருள் கேட்டபோது, இதனையே பேசுகிறோம் என்று இசைந்தோம்.

பெரியோர்கள் பலருக்கு இப்பரீட்சையின் பெயரே புதிதாயிருக்கலாம். வியாபார முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம், அதாவது எம்.பீ.ஏ., படிக்க விரும்புவோரைத் தெரிவுசெய்வதற்குப் பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் கேட்கும் பிரவேசப் பரீட்சை இது. 1953ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஒன்பது வியாபாரக் கல்லூரிகள் ஒன்றுகூடி, விண்ணப்பிப்போர் எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளத்தல் வேண்டுமென்று தீர்மானித்தன. அடுத்த ஆண்டில் முதற் பரீட்சை நடைபெற்றது. 1976இலே அதற்கு ஜீமற் என்ற பெயர் வந்தது. 1997இலே கடதாசியும் பென்சிலும் நீங்கிக் கணனியிலே எழுதும் முறை வந்தது. தூர தேசங்களுக்கே போக வேண்டுமென்பதில்லை. அயலிலுள்ள இந்தியாவின் ஐதராபாத்து வியாபாரக் கல்லூரியும், அகமதாபாத்து, பெங்களூர் முகாமைத்துவ நிறுவனங்கள் வேலை அனுபவமுடையோர்க்கு நடத்தும் ஓராண்டுப் பயிற்சிகளும் இப்புள்ளியை ஏற்றுக்கொள்கின்றன. ஆகையால் இது எங்கோ அமெரிக்கப் பிள்ளைகளின் கவலை என்று தள்ளிவிடத்தக்கதன்று.

பரீட்சையின் இன்றைய வடிவத்தைத் தெரிந்துகொள்ளாமல் திட்டமிட முடியாது. 2023 நவம்பரிலே இது புதிய வடிவம் பெற்றது. 2024 ஜனவரியோடு பழைய வடிவம் மறைந்தது. இப்பொழுது மூன்றே பகுதிகள். கணிதப் பகுதியில் 21 வினாக்கள், மொழிப் பகுதியில் 23 வினாக்கள், தரவுப் பகுதியில் 20 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். மொத்தம் 64 வினாக்கள், இரண்டேகால் மணித்தியாலம். நடுவிலே விரும்பினால் பத்து நிமிட இடைவேளை. எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்பதும் எழுதுவோர் விருப்பம். பழைய பரீட்சையிலிருந்த கட்டுரையும், இலக்கணப் பிழை திருத்தமும், கேத்திரகணிதமும் இப்போது இல்லை. இதை அறியாமல், அண்ணன்மார் வைத்துவிட்டுப் போன பழைய புத்தகங்களைத் தூசி தட்டியெடுத்து, முக்கோணமும் வட்டமும் படித்துக் காலத்தைக் கழிக்கும் தம்பிமாரை நாம் கண்டிருக்கிறோம்.

புள்ளியும் மாறியிருக்கிறது. மொத்தப் புள்ளி 205இலிருந்து 805 வரை செல்லும். எல்லாம் ஐந்திலே முடியும். ஒவ்வொரு பகுதிக்கும் 60இலிருந்து 90 வரை. மூன்று பகுதிகளும் மொத்தத்திலே சம பங்கு பெறும். இன்றைய 645 என்பது, எழுதுவோர் வரிசையில் பெறும் இடத்தைப் பார்த்தால், பழைய பரீட்சையின் 700க்கு நிகர். எனவே, "எங்கள் காலத்தில் 700 எடுத்தோம், நீ ஏன் 645?" என்று எவரும் தம்பியைக் குறைகூற வேண்டாம்.

இனி எமது கதையைச் சிறிது சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் புத்திமதி கூற எமக்கு உரிமையில்லை.

2024ஆம் ஆண்டிலே நாம் இப்பரீட்சையை முதன்முறை எழுதினோம். பரீட்சைக் கட்டணம் எமது நாணயத்தில் பல பத்தாயிரம் ரூபா. எமது தாயார் தாம் கட்டிவந்த சீட்டை முன்கூட்டியே எடுத்து அப்பணத்தைத் தந்தார். கூரை திருத்துவதற்காகக் கட்டிய சீட்டு அது. நாமும் சோம்பியிருக்கவில்லை. மூன்று தடித்த புத்தகங்களை வாங்கி, வேலை முடிந்து வந்து இரவு பதினொரு மணிவரை கணக்குகளைச் செய்து தள்ளினோம். சரியென்றால் அடுத்தது, பிழையென்றால் பின்பக்கத்து விடையைப் பார்த்து, "ஓ, இதுதானா!" என்று தலையசைத்துவிட்டு அடுத்தது. இப்படி மூன்று மாதம். பரீட்சைக்கு முன்னாள் இரவுப் பஸ்ஸிலே நெடுந்தூரம் பிரயாணம் செய்து, சிவந்த கண்களோடு போயிருந்தோம். கடைசிப் பகுதியில் நேரம் முடிந்தபோது நான்கு வினாக்கள் தொடாமலே கிடந்தன. பெறுபேறு 555. கணிதம் 80, மொழி 79, தரவு 74.

வீட்டுக்கு வந்ததும் தாயார், "பரவாயில்லை, சாப்பிடு" என்றார். அந்த மாரியிலே அறைக்குள் ஒழுக்குக்குக் கீழே சட்டி வைத்திருந்த சத்தம் இன்றும் எமது காதிலே இருக்கிறது.

அடுத்த ஆண்டு மீண்டும் எழுதினோம். 82, 83, 81, மொத்தம் 645. இரண்டு முறைக்கும் இடையிலே எமது மூளை மாறிவிடவில்லை. படித்த மணித்தியாலங்களைக் கூட்டிப் பார்த்தால் இரண்டாம் முறை குறைவே. மாறியது திட்டம் ஒன்றுதான். அத்திட்டத்தை இப்போது விரித்துச் சொல்கிறோம்.

முதலாவது: அளந்து தொடங்குதல்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பர். புத்தகத்தைத் திறக்குமுன் ஒரு முழு மாதிரிப் பரீட்சை எழுதுங்கள். பரீட்சையை நடத்துவோரே தமது இணையத்தளத்தில் ஆறு மாதிரிப் பரீட்சைகள் வைத்திருக்கிறார்கள். முதலிரண்டும் இலவசம், மற்றைய நான்கும் விலைக்கு. உண்மைப் பரீட்சைக்கு மிகக் கிட்டியவை இவையே. முதலாவதை எவ்வித ஆயத்தமுமின்றி, நேரம் வைத்து, ஒரே இருப்பில் எழுதுக. வரும் புள்ளி வெட்கப்படத்தக்கதாயினும் அதுவே தொடக்கக் கல்.

பின்பு இலக்கை வைத்துக்கொள்ளுங்கள். "எவ்வளவு கூடுமோ அவ்வளவு" என்பது இலக்கன்று. நீங்கள் விரும்பும் மூன்று நான்கு கல்லூரிகள், சென்ற வகுப்பிலே சேர்ந்தோரின் சராசரிப் புள்ளி எவ்வளவென்று வெளியிட்டிருக்கும். அதனைப் பாருங்கள். சராசரி என்றால் அதற்குக் கீழே நின்று சேர்ந்தவர்களும் பலர் என்பதை மறவாதீர்கள். இலக்குக்கும் தொடக்கத்துக்கும் உள்ள தூரத்தைக் கொண்டே எத்தனை வாரம் வேண்டுமெனத் தீர்மானிக்க வேண்டும்.

மூன்று பகுதிகளுக்கும் சம பங்கு என்றோம். இதன் பயன் யாது? மிகப் பலவீனமான பகுதியே மிகுந்த லாபம் தரும் நிலம். கணிதத்திலே 85 எடுப்பவர் அதை 87 ஆக்குவதற்குப் படும் பாட்டில், தரவுப் பகுதியை 74இலிருந்து 79க்கு ஏற்றிவிடலாம். ஆனால் மனித சுபாவம் வேறு. நன்றாக வரும் பாடத்தையே நாம் விரும்பிப் படிக்கிறோம். முதன்முறை நாம் செய்ததும் அதுவே. கணக்கு இனித்தது, கணக்கையே செய்தோம். தரவுப் பகுதி கசந்தது, அதைத் தொடவில்லை.

இரண்டாவது: நேரசூசி

உத்தியோகம் பார்த்துக்கொண்டு படிப்பவருக்கு வாரம் 12 மணித்தியாலம் நியாயமான அளவு. நாம் திங்கள் முதல் வியாழன் வரை விடியற்காலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரையும், சனி ஞாயிறு ஒவ்வொன்றிலும் மூன்று மணித்தியாலமும் படித்தோம். வெள்ளிக்கிழமை ஓய்வு. இரவுப் படிப்பை விட்டுவிட்டோம். வேலைக்களைப்போடு படித்த ஒரு மணித்தியாலம் விடியற்காலத்து இருபது நிமிடத்துக்கு ஈடாகவில்லை. இப்படிப் பதினாறு வாரம் என்றால் 192 மணித்தியாலம்.

இப்பதினாறு வாரத்தை நான்காக வகுத்தோம். முதல் ஐந்து வாரம் அடிப்படை. நேரக் கட்டுப்பாடு இல்லை, விளங்குவதே நோக்கம். அடுத்த ஐந்து வாரம் வினாவகைகளை ஒவ்வொன்றாக எடுத்து நேரம் வைத்துச் செய்தல். அதற்கடுத்த நான்கு வாரம் எல்லாவற்றையும் கலந்து செய்தலும் முழு மாதிரிப் பரீட்சைகளும். கடைசி இரண்டு வாரம் கண்ட பிழைகளைத் தீட்டிச் சரிசெய்தல். மாதிரிப் பரீட்சைகளைத் தொடக்கத்தில் ஒன்று, ஐந்தாம், பத்தாம், பன்னிரண்டாம், பதினான்காம், பதினைந்தாம் வார முடிவுகளில் ஒவ்வொன்று என வைத்தோம். ஆறு மட்டுமே உள்ள பொருளை நாளுக்கொன்றாக அழித்துவிடலாகாது. மாதிரிப் பரீட்சை புள்ளியை அளக்கும் தராசேயன்றிப் புள்ளியை ஏற்றும் மருந்தன்று. காய்ச்சல்காரனுக்கு மணிக்கொருதரம் காய்ச்சல் பார்ப்பதால் காய்ச்சல் தணிவதில்லை.

மூன்றாவது: பிழைக் கொப்பி

இதுவே எமது பேச்சின் உயிர். ஒரு ரூபாவும் செலவில்லாமல் எமது புள்ளியை ஏற்றியது ஒரு சாதாரணக் கொப்பி. பிழைத்த வினா ஒவ்வொன்றுக்கும் அதிலே நான்கு நிரல். வினா எவ்வகை? ஏன் பிழைத்தது? சரியான வழி என்ன? அடுத்தமுறை இவ்வகை கண்டால் முதலிலே செய்யவேண்டியது என்ன?

இரண்டாவது நிரலில் "கவனக்குறைவு" என்று எழுதுவதை நாம் எமக்கே தடைசெய்துகொண்டோம். கவனக்குறைவு என்பது நோயின் பெயரன்று. நோயை மறைக்கும் போர்வை. விதி தெரியவில்லையா? வினாவைத் தவறாக வாசித்தோமா? கேட்டது ஒன்று, கண்டுபிடித்தது வேறொன்றா? நேரம் போய்விட்டதென்ற பதற்றமா? இரண்டு விடைகளில் தடுமாறி, காரணமின்றி ஒன்றைத் தெரிந்தோமா? இப்படிப் பிரித்து எழுதினோம். ஆறு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தபோது வியப்படைந்தோம். கணக்குத் தெரியாமல் பிழைத்தவை ஐந்திலொன்று கூட இல்லை. கேட்ட கேள்வியை விட்டு வேறு கேள்விக்கு விடை கண்டதே பெரும் பங்கு. மூன்று மாதம் நாம் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தது, பல்வலிக்காரன் கால் தைலம் பூசியது போலன்றோ!

கொப்பியில் எழுதுவதோடு முடியாது. பிழைத்த வினாவை ஒரு வாரம் கழித்தும், மறுபடி மூன்று வாரம் கழித்தும் விடை பாராமல் செய்யவேண்டும். இதற்கு நியாயமுண்டு. 1885ஆம் ஆண்டிலே எபிங்கௌஸ் என்ற ஜேர்மன் அறிஞர், கருத்தற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, மறதி எவ்வளவு விரைவில் வருகிறதென்று அளந்து எழுதினார். முதல் நாளிலேயே பெரும்பங்கு மறைந்துவிடுகிறது. பின்பு மெல்ல மெல்லக் குறைகிறது. 2006இலே றோடிகர், கார்ப்பிக்கே என்னும் இரு அமெரிக்க உளவியலாளர் மாணாக்கரை வைத்து ஒரு சோதனை செய்தனர். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தனர். மற்றவர்கள் வாசித்தபின் புத்தகத்தை மூடி, நினைவிலுள்ளதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது புத்தகத்தை மூடி எழுதியவர்களே முன்னின்றனர். தம்பிமாரே, விடையைப் பார்த்து "ஓ, இதுதானா!" என்று நாம் தலையசைத்தோமே, அது ஐந்து நிமிடத்து அறிவு. பரீட்சைக்கு வேண்டியது மூன்று மாதத்து அறிவு.

நான்காவது: மூன்று பகுதிகளின் இயல்பு

கணிதப் பகுதி எண்கணிதமும் அட்சரகணிதமுமே. விகிதம், வீதம், வேகம், வேலை, காரணிகள், வலுக்கள், சமனிலிகள், எண்ணும் முறை, நிகழ்தகவு என்பன. க.பொ.த. உயர்தரத்தில் கணிதம் படித்தவருக்கு இதில் கடுமையான விதி ஒன்றுமில்லை. ஆனால் கணிபொறி இல்லை. வாய்ப்பாடு நாவிலே நிற்கவேண்டும். சந்தையிலே முதியோர் பிசகாமல் மனக்கணக்குப் போடுவதைப் பார்த்து நகைத்தவர்கள் இங்கே வந்து திணறுவார்கள். ஐந்து விடைகள் முன்னே இருப்பதால், சமன்பாடு எழுதுவதைவிட எண்ணை வைத்துப் பார்ப்பது பலவேளை எளிது. ஒரு பொருளின் விலை 25 வீதம் ஏறிப் பின்பு 20 வீதம் இறங்கினால் என்ன ஆகும்? நூறென்று வைத்தால் நூற்றிருபத்தைந்து. அதில் ஐந்திலொன்று போனால் மறுபடி நூறு. முடிந்தது.

மொழிப் பகுதி ஆங்கிலத்திலேதான். வாசித்து விளங்கலும் தர்க்க ஆராய்ச்சியும் இதிலுள்ளன. தமிழ்மொழி மூலம் கற்ற பிள்ளைகள் இதற்கே அஞ்சுகிறார்கள். எமது அனுபவம் வேறு. இது சொல் வளத்தைச் சோதிப்பதைவிட நியாயத்தைச் சோதிப்பதே அதிகம். ஓர் உதாரணம்: "எங்கள் ஊரில் புதிய வாசிகசாலை திறந்த ஆண்டிலே பரீட்சைச் சித்தி கூடியது, ஆகவே சித்திக்கு வாசிகசாலையே காரணம்." இந்த நியாயத்தைப் பலவீனப்படுத்துவது எது? "அதே ஆண்டில் பாடசாலைக்கு மூன்று புதிய ஆசிரியர்கள் வந்தனர்" என்பது. இதை எந்தத் திண்ணையிலும் எமது பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். முடிவு எது, அதற்குச் சொன்ன ஆதாரம் எது, சொல்லாமல் ஊகித்தது எது என்று மூன்றாகப் பிரிக்கப் பழகுக. முதலில் தமிழிலே பழகினாலும் குற்றமில்லை. அதனுடன் ஆங்கிலத்தில் நீண்ட கட்டுரை ஒன்று நாள்தோறும் வாசித்து, ஒவ்வொரு பந்தியின் கருத்தையும் ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். நான்கு மாதத்திலே கண் ஓடும் வேகம் தானாகக் கூடும்.

தரவுப் பகுதியில் ஐந்து வகை வினாக்கள். அட்டவணையை ஆராய்தல், வரைபடத்தை வாசித்தல், பல இடத்துத் தகவல்களை ஒப்பிடுதல், இரு பாகமாக விடை காணல், தரவு போதுமா என்று தீர்மானித்தல். இங்கே மட்டும் திரையிலே கணிபொறி தருவார்கள். ஐந்தாவது வகையே பலருக்கும் புதிது. ஓர் உதாரணம் சொல்வோம். ஒரு வளவிலே பனையும் தென்னையுமாக 60 மரங்கள். வேறு மரமில்லை. பனை எத்தனை? முதலாம் தகவல்: பனை தென்னையின் இருமடங்கு. இரண்டாம் தகவல்: தென்னை 20. விடை காண எத்தகவல் போதும்? பலர் அவசரப்பட்டு இரண்டும் சேர்ந்தால் போதும் என்பார்கள். முதலாவது தகவல் தனியே போதும். இரண்டாவதும் தனியே போதும். ஆகவே சரியான விடை, "ஒவ்வொன்றும் தனித்தனியே போதும்" என்பது. பனை நாற்பது என்று கணக்கிடவே வேண்டியதில்லை. கணக்கிட முடியுமா என்று காண்பதே வேலை. இது இப்பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. கடை நடத்துபவனும் காரியாலயத்தில் தீர்மானம் எடுப்பவனும் நாள்தோறும் கேட்கவேண்டிய கேள்வி: எம்மிடமுள்ள தகவல் போதுமா, இன்னும் விசாரிக்க வேண்டுமா?

ஐந்தாவது: பரீட்சை மண்டபத்தில் நேரம்

இப்பரீட்சையை நடத்தும் கணனி, எழுதுவோரின் திறமையைப் பார்த்து வினாவின் கடுமையை மாற்றுகிறது. நன்றாகச் செய்தால் கடுமையான வினா வரும். ஆகையால் எவ்வளவு கெட்டிக்காரருக்கும் மண்டபத்திலே கடினமாகவே தோன்றும். வினா கடினமாக வருகிறதென்று மனந்தளர்வது பேதைமை. அதனிலும் பெரிய தவறு ஒரு வினாவோடு மல்லுக்கட்டிக் கடைசி வினாக்களைத் தொடாமல் விடுவது. முடிக்காமல் விட்டதற்குத் தண்டனை கடுமை. எமது 555இன் ஒரு காரணம் அந்நான்கு வினாக்களே.

கணிதத்தில் ஒரு வினாவுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடமும் எட்டு விநாடியும். மொழியில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. தரவில் இரண்டேகால் நிமிடம். ஆனால் வினாவுக்கு வினா கடிகாரம் பார்த்தால் மனம் சிதறும். கணிதத்திலே பதினைந்து நிமிடத்துக்கு ஏழு வினா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு முடிய முப்பது நிமிடமும், பதினான்கு முடியப் பதினைந்து நிமிடமும் மீதியிருக்கவேண்டும். தரவிலே பத்து வினா முடியும்போது பாதி நேரம் இருக்கவேண்டும். மொழியிலே எட்டு முடிய 29, பதினாறு முடியப் 14 என்று வைக்கலாம். பின்தங்கினால் அடுத்த கடின வினாவில் ஊகித்து விடையிட்டு முன்செல்க. புதிய வடிவத்திலே ஒரு சலுகையுண்டு. ஐயமுள்ள வினாக்களுக்கு அடையாளமிட்டு வைத்து, பகுதி முடிவில் நேரமிருந்தால் திரும்பிவந்து மூன்று விடைகள் வரை மாற்றலாம். மூன்றுக்கு மேலில்லை. ஆகவே இந்தச் சலுகையை நம்பி எல்லாவற்றையும் ஒத்திவைக்கலாகாது. கைவிடவேண்டிய வினாவைக் கைவிடும் துணிவையும் வீட்டிலேயே பழகவேண்டும்; அது மண்டபத்தில் திடீரெனப் பிறப்பதன்று.

ஆறாவது: கடைசி நாட்கள்

பரீட்சைக்கு முந்திய இரண்டு நாளும் புதியன எதையும் தொடவேண்டாம். பிழைக் கொப்பியை மட்டும் புரட்டுங்கள். நெடுந்தூரம் போகவேண்டியவர்கள் ஒருநாள் முன்னதாகப் போய், உறவினர் வீட்டிலாவது தங்கி, நன்றாக உறங்குங்கள். நாம் இரவுப் பஸ்ஸில் மிச்சம் பிடித்த பணம் மிகவும் விலையுயர்ந்த பணம் என்று பின்னர் அறிந்தோம். கடவுச்சீட்டிலுள்ள பெயரும் பதிவுசெய்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருக்கின்றனவா என்று பதிவுசெய்யும் அன்றே பாருங்கள். தந்தை பெயர் முன்னே, தன் பெயர் பின்னே என்ற எமது வழக்கத்தினால் இதிலே குழப்பம் எளிதில் வந்துவிடும்.

முதன்முறை எண்ணிய புள்ளி வராவிட்டால் பதினாறு நாள் கழித்து மறுபடி எழுதலாம். பன்னிரண்டு மாதத்துள் ஐந்து முறை வரை அனுமதியுண்டு. ஆனால் அனுமதியுண்டு என்பதற்காக அடுத்த மாதமே ஓடவேண்டாம். ஒன்றும் மாற்றாமல் மறுபடி எழுதினால் புள்ளி சிறிது ஏறலாம், சிறிது இறங்கலாம். அது தராசின் ஆட்டமேயன்றி வளர்ச்சியன்று. எதை மாற்றப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுத முடியுமானால் மட்டும் மறுபடி பணங்கட்டுங்கள். பெற்ற புள்ளி ஐந்தாண்டு செல்லுபடியாகும். ஆகையால் உத்தியோகப் பாரமும் குடும்பப் பாரமும் ஏறுமுன் எழுதிவைப்பது விவேகம்.

பெரியோர்க்கு இரண்டொரு வார்த்தை. பிள்ளை படிக்கும் வீட்டிலே விடியற்காலத்து ஒன்றரை மணித்தியால அமைதி பெரிய சீதனம். "எத்தனை பக்கம் முடித்தாய்?" என்று கேளாதீர்கள், "இன்று எந்தப் பிழையைக் கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள். பக்கத்தை எண்ணும் வீட்டிலே பிள்ளை பக்கத்தைப் புரட்டும். பிழையை மதிக்கும் வீட்டிலே பிள்ளை பிழையை மறைக்காது. முதல் மாதிரிப் பரீட்சைப் புள்ளியை அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிடவும் வேண்டாம்.

இளைஞர்க்கும் ஒன்று. இப்புள்ளி ஒரு கதவைத் திறக்கும் திறப்புகளில் ஒன்று மட்டுமே. கல்லூரிகள் உங்கள் வேலை அனுபவத்தையும், நீங்கள் எழுதும் கட்டுரைகளையும், மேலதிகாரியின் சான்றையும், நேர்முகத்தையும் பார்க்கின்றன. இலக்கை அடைந்துவிட்டால் இன்னுமொரு பத்துப் புள்ளிக்காக ஆண்டைக் கரைக்காமல் மற்றவற்றைக் கவனியுங்கள். இலக்குக் கைகூடாவிட்டாலும் 192 மணித்தியாலம் தன் பிழையைத் தானே நேர்நின்று பார்க்கப் பழகியவன் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

வாசலில் எம்மை மறித்த தம்பிக்கு இப்போது விடை சொல்கிறோம். உமக்குப் புள்ளி ஏறாதது மூளைக் குறைவினாலன்று. நீர் செய்த வினாக்கள் போதும். செய்தவற்றைத் திரும்பிப் பார்த்தது போதாது. ஒரு கொப்பி வாங்கும். நாளைக் காலை ஐந்து மணிக்கு எழும்பும். சங்கத்தின் வாசிகசாலையில் ஞாயிறுதோறும் பிற்பகல் நாம் இருப்போம், கொப்பியோடு வாரும். இருவருமாகப் பிழைகளைப் பிரித்துப் பார்ப்போம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

எமது தாயாரின் கூரை சென்ற ஆண்டு திருத்தப்பட்டுவிட்டது என்பதையும் சொல்லி அமர்கிறோம்.